எல்எஸ்டி இருந்தும் சில்லு ஏன் சும்மா சுற்றுகிறது?

மாரி தொடங்கிவிட்டால் திருகோணமலைப் பக்கத்துக் கராஜ்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "எல்எஸ்டி இருக்கு எண்டுதானே இந்தக் கெப்பை வாங்கினது. பிறகு ஏன் சேத்துக்குள்ள ஒரு சில்லு மட்டும் சுத்துது?" வயலுக்கு உரம் ஏற்றிப் போகிறவரும் கேட்பார், நிலாவெளிக் கரையில் மீன் பெட்டி ஏற்றுகிறவரும் கேட்பார். நியாயமான கேள்விதான். ஜப்பானிலிருந்து வந்த பழைய டபுள் கெப்களில் பலவற்றின் பின் எக்ஸலில் எல்எஸ்டி, அதாவது சறுக்கலை மட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல், இருக்கவே செய்கிறது. டிஃபரன்ஷியல், சுருக்கமாக டிஃப், என்பது எஞ்சின் விசையை இரண்டு பக்கச் சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் அமைப்பு.

பதில் இரண்டில் ஒன்றாக இருக்கும். உள்ளே இருக்கும் கிளச் பிளேட்கள் தேய்ந்து, அது எல்எஸ்டியாக வேலை செய்வதையே நிறுத்தியிருக்கலாம். அல்லது அது நல்ல நிலையில்தான் இருக்கும். நாம்தான் டிஃப் லொக் செய்கிற வேலையை அதனிடம் எதிர்பார்த்திருப்போம். லொக் போட்டால் இரண்டு சில்லும் ஒன்றாகக் கட்டுப்பட்டுவிடும். எல்எஸ்டி அப்படிக் கட்டாது. பிடிமானம் குறைந்த சில்லு எவ்வளவு விசையைத் தாங்குகிறதோ, அதைச் சில மடங்கு பெருக்கி மற்றச் சில்லுக்குக் கொடுக்கும். பெருக்க வேண்டுமானால் அந்தப் பலவீனமான சில்லில் முதலில் ஏதாவது இருக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால், சேற்றில் என்ன செய்வது, மணலில் என்ன செய்வது, கராஜில் எதைக் கேட்டுச் செய்விப்பது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

சாதாரண டிஃப் செய்கிற வேலை

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சில்லு குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியில் பூட்டினால் டயர் தேயும், எக்ஸல் முறுகும். இதற்குத்தான் டிஃபரன்ஷியல் வந்தது. நீராவி வண்டிக்காக இப்போதைய வடிவத்தை ஒத்த டிஃபரன்ஷியலுக்கு 1827இல் காப்புரிமை பெற்றவர் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளி. வேகத்தை இரண்டு பக்கமும் வெவ்வேறாக விடும், ஆனால் முறுக்குவிசையை எப்போதும் சரிபாதியாகப் பிரிக்கும். அதன் குணம் இதுதான்.

சரிபாதி என்பதில்தான் சிக்கல். இடது சில்லு வழுக்கும் சேற்றில், வலது சில்லு இறுகிய புல்தரையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேற்றில் நிற்கும் சில்லு 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு மேல் தாங்காது, அதற்கு மேல் போனால் சுற்றத் தொடங்கிவிடும். அப்போது வலது சில்லுக்கும் அதே 100தான் கிடைக்கும். அது 1,000 தாங்கக்கூடிய தரையில் நின்றாலும் சரி, எஞ்சினில் எவ்வளவு பலம் இருந்தாலும் சரி, மொத்தம் 200தான். வண்டியை அசைக்க 600 தேவை என்றால் அது அங்கேயே நிற்கும். அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இடது சில்லு குழி தோண்டும், வேறொன்றும் நடக்காது.

1930களின் நடுவில் ஜெர்மனியில் ஓட்டோ யூனியன் பந்தயக் கார்களுக்கும் இதே நோய்தான் வந்தது. எஞ்சின் பலம் கூடிப்போய், வேகமாக ஓடும்போதுகூட ஒரு பின்சில்லு சும்மா சுற்றியது. ஃபெர்டினாண்ட் போர்ஷே இசட்எஃப் நிறுவனத்திடம் சொல்லிச் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் ஒன்றைச் செய்வித்தார். பந்தயத்துக்கு வந்த சாமான் பிறகு கார்களுக்கும் பிக்கப்களுக்கும் வந்து சேர்ந்தது.

உள்ளே என்ன இருக்கிறது

நம்மிடம் ஓடுகிற பிக்கப்களில் அதிகம் இருப்பது கிளச் பிளேட் வகை. சில்லின் தண்டோடு சேர்ந்த பக்கக் கியருக்கும் டிஃபின் கூட்டுக்கும் (வெளி உறைக்கும்) இடையில் மெல்லிய பிளேட்கள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று கியரோடு சுற்றும், அடுத்தது கூட்டோடு சுற்றும். ஸ்பிரிங் ஒன்று இவற்றை எப்போதும் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருக்கும். எஞ்சின் விசை வரும்போது கியர்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அழுத்தம் கூடும். அந்த உராய்வுதான் வேகமாகச் சுற்றப் பார்க்கும் சில்லை இழுத்துப் பிடிக்கிறது, பிடித்த விசை மற்றப் பக்கத்துக்குப் போகிறது.

இரண்டாவது, பிளேட்டே இல்லாத கியர் வகை. சாய்வாக வெட்டிய பற்கள் விசை ஏறும்போது கூட்டோடு உராய்ந்து அதே வேலையைச் செய்யும். டோர்சன் என்ற பெயரில் தெரிந்தது இதுதான். வெர்னன் கிளீஸ்மன் என்ற அமெரிக்கர் 1958இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தேய்மானம் மிகக் குறைவு, ஓடுவதும் மிருது. ஆனால் ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினால் கைவிட்டுவிடும், ஏனென்றால் பூச்சியத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூச்சியம்தான். பிளேட் வகையில் ஸ்பிரிங்கின் அழுத்தமாவது மிஞ்சும்.

சிலிக்கோன் திரவத்தில் ஓடும் வகையும் உண்டு. சில்லு கொஞ்ச நேரம் சுற்றிச் சூடான பிறகுதான் அது இறுகும். அதற்குள் மணலில் குழி விழுந்துவிடும். காட்டுப் பாதைக்கு அதை நம்பி இறங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சரி, மேலே சொன்ன கணக்குக்கு வருவோம். நல்ல நிலையில் உள்ள எல்எஸ்டி ஒன்று, பிடிமானமுள்ள சில்லுக்கு மற்றதைவிட இரண்டரை மடங்கு விசை கொடுக்கும் என்று வைப்போம். சேற்றுச் சில்லில் 100, மற்றதில் 250, மொத்தம் 350. சாதாரண டிஃபின் 200ஐவிட இது எவ்வளவோ மேல். ஆனால் நமக்கு வேண்டியது 600. கெப் புதைந்துதான் நிற்கும். "எல்எஸ்டி இருந்தும் சுத்துது" என்று வருகிறவர்களில் பலர் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

ஹேண்ட்பிரேக்

இனி வருவதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி, செலவில்லாததும்கூட. முதல் கியரில் அல்லது லோ ரேஞ்சில் (நான்கு சில்லு இழுவை வண்டியில் வேகம் குறைத்து விசை கூட்டும் கியர் நிலை) மெதுவாக விசை கொடுத்துக்கொண்டே, ஹேண்ட்பிரேக்கைச் சில கிளிக் தூரம் இழுத்துப் பாருங்கள். பின்சில்லு இரண்டிலும் ஆளுக்கு 200 நியூட்டன் மீட்டர் பிரேக் விழுகிறது என்று வைப்போம். சுற்றுகிற சில்லைச் சுற்ற இப்போது சேற்றின் 100 மட்டும் போதாது, பிரேக்கின் 200உம் சேர்ந்து 300 வேண்டும். எல்எஸ்டியின் பார்வையில் அந்தச் சில்லு 300 தாங்குகிறது. ஆகவே மற்றப் பக்கத்துக்கு 750ஐ அனுப்பும். அதில் 200ஐ அந்தப் பக்கத்துப் பிரேக் தின்றுவிடும், 550 தரைக்குப் போகும். சேற்றுச் சில்லின் 100ஐயும் கூட்டினால் 650. வண்டி அசைந்துவிட்டது.

பிரேக் பிடித்தால் வண்டி முன்னே போகும் என்பதைக் கேட்டவுடன் பலர் நம்ப மாட்டார்கள். அமெரிக்க இராணுவத்தின் ஹம்வீ வாகனத்தில் டோர்சன் வகை டிஃப்கள்தான் இருந்தன. ஒரு சில்லு சுற்றினால் விசை கொடுத்தபடியே பிரேக்கை அளவாக மிதிக்கத்தான் அதன் சாரதிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

இதே வேலையைச் சாதாரண டிஃப் உள்ள கெப்பில் செய்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் செய்து பார்த்துவிட்டு "இது சும்மா கதை" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றும் பக்கம் 300, மற்றப் பக்கமும் அதே 300. அதில் பிரேக் 200ஐ எடுத்துக்கொண்டால் மிச்சம் 100. மொத்தம் பழைய 200தான், ஒரு சதமும் கூடவில்லை. அவர்கள் சொல்வது அவர்களுடைய வண்டிக்குச் சரி.

தம்பலகாமத்து வயல்களில் உழவு மெசின் (டிராக்டர்) ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சங்கதி வேறு வழியாகத் தெரியும். மெசி பெர்குசன் போன்ற மெசின்களில் இடம், வலம் இரண்டு பின்சில்லுக்கும் தனித்தனிப் பிரேக் பெடல். சுற்றுகிற பக்கத்துப் பெடலை மட்டும் மிதித்தால் மற்றச் சில்லு இழுத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு பக்கம் மட்டும் பிடிப்பதால் சாதாரண டிஃபிலும் அது பலிக்கிறது. கெப்பில் அந்த வசதி இல்லை, இரண்டு பக்கமும் சேர்ந்துதான் பிடிக்கும். அதனால்தான் எல்எஸ்டி கட்டாயம் வேண்டியிருக்கிறது.

செய்யும்போது சில விஷயம் கவனிக்க வேண்டும். லீவரின் நுனிப் பொத்தானை அமுக்கியபடியே இழுங்கள், அப்போதுதான் அது பல்லில் மாட்டி நிற்காது, கையை விட்டவுடன் பிரேக்கும் விட்டுவிடும். விசையைச் சீராகக் கொடுங்கள். விட்டு விட்டு மிதித்தால் பிளேட்களின் அழுத்தமும் விட்டு விட்டுப் போகும். சில்லின் சுற்று குறைந்து வண்டி முன்னே தள்ளுவது இருக்கையிலேயே தெரியும். உருளத் தொடங்கியதும் பிரேக்கை முழுதாக விட்டுவிட வேண்டும். சில விநாடிக்குள் அசையாவிட்டால் நிறுத்திவிட்டு இறங்கி மண்ணைத் தோண்டுவதே மேல். டிரம்மும் பிளேட்டும் சூடேறிக் கெடுவதுதான் மிச்சமாகும்.

எல்லா வாகனத்துக்கும் இது சரிவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்ஃப், கன்டர் போன்ற சிறிய லொறிகளில் பலவற்றுக்கு ஹேண்ட்பிரேக் சில்லில் இல்லை, கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் டிரம்மில் இருக்கிறது. பழைய லாண்ட் ரோவர் டிஃபெண்டரிலும் அப்படித்தான். அது டிஃபுக்கு முன்னாலேயே விசையைப் பிடித்து நிறுத்துகிறது, பலன் பூச்சியம். அந்த வண்டிகளில் கால் பிரேக்கைத்தான் இடது காலால் மெதுவாகத் தொட வேண்டும். நான்கு சில்லு இழுவை போட்டிருந்தால் அதில் நட்டம் இல்லை. பின்சில்லு மட்டும் இழுக்கிற வண்டியில் முன்சில்லுகளையும் பிரேக் பிடித்துக்கொள்ளும், கிடைத்த பலன் அங்கேயே போய்விடும்.

எந்தச் சில்லைக் கவனிப்பது

புதைந்த வண்டியைச் சுற்றி நாலு பேர் நின்றால், தென்னோலையையும் பலகையையும் கையில் கிடைத்த பக்கம் திணிப்பதைத்தான் பார்க்கிறோம். கணக்கைப் பாருங்கள். சுற்றுகிற சில்லுக்குக் கீழே ஒரு மட்டையை வைத்து அதன் பிடிமானத்தை 100இலிருந்து 200 ஆக்கினால், எல்எஸ்டி மற்றப் பக்கத்தையும் 250இலிருந்து 500 ஆக்கிவிடும். 350 இருந்த இடத்தில் 700. பிடிமானமுள்ள சில்லுக்குக் கீழே எதை வைத்தாலும் விசை ஒரு துளியும் கூடிவிடாது. ஆகவே ஓலை, சாக்கு, மட்டை, கல் எதுவானாலும் சுற்றுகிற சில்லுக்குத்தான். பின்பெட்டியில் ஏறி நிற்க ஆள் இருந்தால் அவரும் அந்த மூலையில்தான் நிற்க வேண்டும்.

வெறும் பெட்டியோடு ஓடும் கெப்பில் பின்பக்கம் மிகவும் லேசு. பாரம் ஏற்றுவதற்காகப் பலர் ஸ்பிரிங் பிளேட் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். அப்போது பின்பக்கம் வளைந்து கொடுக்காது. குமரேசன்கடவை, மொறவெவப் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் மழைத் தண்ணீர் அரித்த குழிகளைக் குறுக்காகக் கடக்கும்போது ஒரு பின்சில்லு தரையை விட்டே எழும்பிவிடும். எழும்பிய சில்லில் பெருக்குவதற்கு ஒன்றும் இல்லை. முடிந்தவரை இரண்டு பின்சில்லும் ஒரே நேரத்தில் குழியில் இறங்கி ஒரே நேரத்தில் ஏறும் வழியைத் தேர்ந்தெடுங்கள். நாலு மூட்டை நெல் பின்னால் இருந்தால் வெறும் வண்டியைவிட நன்றாகவே ஏறும்.

நிலாவெளியிலிருந்து குச்சவெளி வரை கடற்கரை மணலில் நிலைமை வேறு. காய்ந்த மணலில் இரண்டு பின்சில்லுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பிடிமானம்தான், இரண்டும் சேர்ந்தே புதையும். எல்எஸ்டிக்கு அங்கே பெரிய வேலை இல்லை, டயரின் காற்றுக்குத்தான் வேலை. ரோட்டில் 32, 35 பிஎஸ்ஐ வைத்து ஓடுகிற டயரை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் தரையில் படியும் நீளம் கூடும், வண்டி மணலை உழாமல் மேலே ஓடும். மெதுவாக ஓட்ட வேண்டும், ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கக்கூடாது, ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப அடிக்க ஒரு சிறிய கம்ப்ரசர் கையில் இருக்கட்டும். கரைவலைக்காரர் மீன் பெட்டி ஏற்றக் கூப்பிடுகிற இடம் பெரும்பாலும் அலை தொடும் ஈர மணலுக்கு அருகில்தான். ஈர மணல் இறுக்கமாகத் தெரிந்தாலும், நின்ற இடத்தில் அலை வந்து சில்லின் அடியை அரித்துவிடும். ஏற்றும்வரை வண்டியைக் கொஞ்சம் மேலே நிறுத்துங்கள்.

மூதூர், வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்து வண்டல் களிதான் எல்எஸ்டிக்கு உண்மையான சோதனை. மழை விட்டு ஒரு நாள் வெயில் அடித்தால் பாதையின் ஒரு பக்கம் காய்ந்திருக்கும், மறுபக்கம் இன்னும் களியாகக் கிடக்கும். இடத்துக்கும் வலத்துக்கும் பிடிமானம் இவ்வளவு வித்தியாசப்படுகிற இடத்தில்தான் அது தன் வேலையைக் காட்டும். நான்கு சில்லு இழுவையைப் புதைந்த பிறகு போடாமல், இறங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். முன்சில்லை எக்ஸலோடு பூட்டும் முன் ஹப்பைக் கையால் திருப்பும் வண்டியானால், சேற்றுக்குள் முழங்கால் புதைய நின்று அதைத் திருப்புவதைவிட மேட்டிலேயே திருப்பிவிடலாம்.

உயிரோடு இருக்கிறதா?

இவ்வளவும் பிளேட் நல்ல நிலையில் இருந்தால்தான். அதைப் பார்ப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. சமதரையில் முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்பக்கம் இரண்டையும் ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சின் நிறுத்தி, கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விட்டிருக்க வேண்டும். ஒரு சில்லைக் கையால் சுற்றினால் மற்றதும் அதே திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் அது சாதாரண டிஃப், அல்லது செத்துப்போன பிளேட் வகை எல்எஸ்டி.

இன்னும் சரியாகப் பார்க்க ஒரு சில்லை மட்டும் தூக்குவார்கள். அனுராதபுரச் சந்திப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் மூத்த பாஸ் (மெக்கானிக்) ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தூக்கிய சில்லின் நடுவில் டோர்க் ரெஞ்சை (முறுக்குவிசையை அளக்கும் சாவி) மாட்டி, "தம்பி, கட்டையைச் சரியா வை, கியர் நியூட்ரல்லதான் இருக்கா எண்டு இன்னொருக்காப் பார்" என்று பொடியனிடம் சொல்லிவிட்டு, ரெஞ்சை மெல்ல அமத்தினார். முள் ஏறிக்கொண்டே போனது, சில்லு அசையவில்லை. பிறகு ஒரு இடத்தில் கனமாக வழுகித் திரும்பியது. அந்த இடத்தில் முள் காட்டுகிற அளவைத்தான் அந்த மாடலின் மெனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். கையாலேயே சில்லு லேசாகச் சுற்றுமானால் ரெஞ்சே தேவையில்லை, உள்ளே பிளேட் முடிந்துவிட்டது.

பாஸ் கட்டையையும் கியரையும் திரும்பக் கேட்டது வழக்கத்துக்காக அல்ல. எல்எஸ்டி உள்ள வண்டியில் ஒரு பின்சில்லு மட்டும் தூக்கியிருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டுக் கியர் போட்டால், தரையில் இருக்கும் சில்லு இழுத்து வண்டி ஜாக்கை விட்டுப் பாய்ந்துவிடும். டயர் மாற்றும்போதும் இதை மறக்கக்கூடாது.

பிளேட் தேய்வதற்குப் பாதிக் காரணம் ஒயில். பிளேட் வகைக்கு எல்எஸ்டி என்று குறிப்பிட்ட ஜிஎல்-5 கியர் ஒயில் வேண்டும். அதில் உராய்வைச் சீராக்கும் சேர்மானம் கலந்திருக்கும். சாதாரண கியர் ஒயிலை ஊற்றினால், பஜாரில் மெதுவாக ஒடித்துத் திரும்பும்போது பின்னாலிருந்து கடகடவென்று அதிர்வு வரும். பிளேட்கள் வழுகாமல் பிடித்து விட்டு, பிடித்து விட்டுப் போகிற சத்தம் அது. சத்தம் போகட்டும் என்று அந்தச் சேர்மானத்தை அள்ளி ஊற்றுகிறவர்களும் உண்டு. சத்தம் நின்றுவிடும், கூடவே பிடிப்பும் போய்விடும். ஒயில் மாற்றிய பிறகு வெளியான இடத்தில் மெதுவாக எட்டுப் போட்டு ஓட்டினால் புது ஒயில் பிளேட்களுக்கு இடையில் இறங்கும். கியர் வகைக்கு இந்தச் சேர்மானம் தேவைப்படாது.

மாரி காலத்தில் இன்னொரு எதிரி தண்ணீர். ஓடிச் சூடான எக்ஸல் வெள்ளத்தில் இறங்கியவுடன் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். மேலே இருக்கும் மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலோ தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலோ, சீல் வழியாகவோ அந்தக் குழாய் வழியாகவோ வெளித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு டிஃபின் அடைப்பைக் கழற்றினால் பால் தேத்தண்ணி நிறத்தில் ஒயில் வழியும். அதோடு ஓட்டினால் பிளேட் மட்டுமல்ல, பெயாரிங்கும் கிரௌன் வீலும் போய்விடும். மூச்சுக்குழாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டிப் பெட்டியின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டுவதற்கு ஆகும் செலவு சொற்பம். மகாவலி பெருகுகிற பக்கம் ஓடுகிறவர்கள் மழைக்கு முன்பே இதைச் செய்துவைக்க வேண்டும், வெள்ளத்தில் இறங்கி ஏறினால் ஒயிலைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கடல் தண்ணீர் பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுங்கள், பின் டிரம்முக்குள் போன மணலையும் சேர்த்து. ஹேண்ட்பிரேக் இறுகிப் போயிருந்தால் மேலே சொன்ன வித்தை ஒன்றும் நடக்காது.

டயர் விஷயத்தில் நம் பக்கத்தில் பெரிய அலட்சியம் இருக்கிறது. பின்னால் ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் மொட்டை டயர். அல்லது ஒரு பக்கம் வேறு அளவு. சாதாரண டிஃப் இதைப் பொறுத்துக்கொள்ளும். எல்எஸ்டியில் அந்த வித்தியாசம் ஓடுகிற தூரம் முழுக்கப் பிளேட்களைத் தேய்க்கும். சுற்றளவில் நூற்றுக்கு ஒன்று வித்தியாசம் என்றாலே ஒரு கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் கணக்காகும். கொழும்புக்கு ஒரு நடை, ஏறக்குறைய 260 கிலோமீட்டர் போனால், இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் சும்மா உராய்ந்துகொண்டே போகிறது. நேர் ரோட்டில், வளைவே இல்லாத இடத்திலும். பின் டயர்களைச் சோடியாக மாற்றுங்கள், காற்றையும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வையுங்கள்.

தேய்ந்த பிளேட்டைப் புதுப்பிக்கலாம். பிளேட் செட் கிடைக்கிற மாடலானால் டிஃப் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. ஆனால் அடுக்கும் வரிசையும் தடிப்பும் தெரிந்த பாஸிடம் கொடுக்க வேண்டும். கூடுதல் தடிப்பில் இறுக்கிக் கட்டினால் வளைவுகளில் டயர் கீறிக்கொண்டு போகும்.

காற்றால் இயங்கும் லொக் ஒன்றை வாங்கிப் போடலாமா என்றும் கேட்பார்கள். ஆழமான குழிப் பாதையில் வாராவாரம் போகிறவருக்கு அது பிரயோசனம், சில்லு அந்தரத்தில் தொங்கினாலும் அது இழுக்கும். பெரும்போகத்தில் சில தடவை வயலுக்கு நெல் ஏற்றப் போகிறவருக்கு, என் எண்ணத்தில், அந்தக் காசைப் பிளேட்டுக்கும் ஒயிலுக்கும் நல்ல சோடி டயருக்கும் போடுவதே சரி.

புதிய கெப்களில் பலவற்றில் இதே பிரேக் வித்தையைக் கணினி செய்கிறது. சுற்றுகிற சில்லை மட்டும் தேடிப் பிரேக் பிடிக்கும், உழவு மெசின்காரர் காலால் செய்வதைப் போல. அதற்குச் சாதாரண டிஃபே போதும். டொயோட்டாவின் சில மாடல்களில் ஓட்டோ எல்எஸ்டி என்று சொல்வது இதைத்தான், உள்ளே பிளேட் எதுவும் இருக்காது. அந்த வண்டியில் சில்லு சுற்றத் தொடங்கியதும் பயந்து காலை எடுத்துவிடாமல், சீராக மிதித்தபடி அதற்கு வேலை செய்ய அவகாசம் கொடுக்க வேண்டும். மணலில் மட்டும், எஞ்சின் விசையைக் குறைக்கும் கட்டுப்பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுவது நல்லது; இல்லையென்றால் வேகம் வேண்டிய இடத்தில் வண்டி மூச்சடைத்து நிற்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. எல்எஸ்டியின் குணமே சில இடத்தில் ஆபத்தாகும். சாதாரண டிஃபில் ஒரு சில்லு சுற்றினாலும் மற்றது சுற்றாமல் தரையைப் பிடித்துப் பின்பக்கத்தை நேராக வைத்திருக்கும். எல்எஸ்டியில் இரண்டும் ஒன்றாக வழுகிவிட்டால் பின்பக்கம் பக்கவாட்டில் இழுபடும். மழையில் நனைந்த ரோட்டில், இரண்டு சில்லு இழுவையில், வளைவில் அக்சிலேட்டரை அமத்தினால் இது நடக்கும். இன்னும் மோசம் மழைக்குள் குளக்கட்டு. ஓரம் சரிந்த ஈரக் களியில் இரண்டு பின்சில்லும் சுற்றினால் கெப் சரிவின் பக்கம் வாலைத் திருப்பும், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம். அங்கே ஹேண்ட்பிரேக்கைத் தொடவே கூடாது. நான்கு சில்லு இழுவையைப் போட்டு, லோ ரேஞ்சில், கட்டின் நடுவை விட்டு விலகாமல் நடை வேகத்தில் ஓட்டுங்கள். வால் அசைவது தெரிந்தால் காலை மெதுவாக எடுத்து, வால் இழுபடுகிற பக்கமே ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுங்கள். கட்டு அவ்வளவு வழுக்கலாக இருந்தால் வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு, மூட்டையை உழவு மெசின் பெட்டியில் ஏற்றி அனுப்பலாம்.